ஜெஸ்வினுக்கு எத்தனை பல்?

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் லீட்ஸில் சுகம். குற்றாலச் சாரல் தென்காசி வரை அடிக்கிறதாமே, ஜெஸ்வினுக்குச் சளி விட்டதா? நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

நேற்று டூட்டி முடிந்ததும் வார்டு ஆட்கள் பப்பில் நடக்கும் க்விஸுக்கு என்னையும் இழுத்துப் போனார்கள். (நான் குடித்தது ஆரஞ்சு ஜூஸ்தான்.) கால்பந்து, சினிமாச் சுற்றுகளில் திருதிருவென்று விழித்தேன். அடுத்து மனித உடல் சுற்று. குழந்தைக்கு மொத்தம் எத்தனை பால்பற்கள் என்று கேட்டார்கள். எங்கள் மேஜையில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். கீழப்பாவூர்க்கார நர்ஸ் செண்பகவல்லி அக்கா என்னைக் கிள்ளி, "ஏட்டி, இங்கன பிள்ளை பெத்தவ நீ ஒருத்திதான், சொல்லுட்டி!" என்றாள். இருபது என்றேன். அந்த ஒரு மதிப்பெண்ணில்தான் ஜெயித்தோம்!

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா, "ஒம் மவனுக்கு இப்ப எத்தனை மொளைச்சிருக்கு?" என்று கேட்டாள். பன்னிரண்டு என்று சொல்லிவிட்டேன். நிஜமாக எனக்குத் தெரியாது அத்தான். நான் கிளம்பியபோது ஆறு. வீடியோவில் பார்க்கலாமென்றால் போனையே வாய்க்குள் திணிக்கிறான்.

மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். கடைவாயில் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள், கடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மிளகாய் அள்ளிய கையோடு மட்டும் வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலை டூட்டி, படுக்கப் போகிறேன்.

உங்கள் ஜெஸி