பதினோராம் பாத்தி

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் பனி. எதிரே சவுக்குத் தோப்பு கூடத் தெரியவில்லை. ஆறே முக்கால் பஸ் போய்விட்டது. அடுத்ததில் கூனிமேடு தாண்டியும் நின்றுகொண்டே.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஒருவழியாகக் கொடுத்தாயிற்று. கறுப்பு அட்டை, 62 பக்கம். சுற்றுச்சூழல் படிப்பு என்றால் மரம் நடுவது என்று நினைத்துச் சேர்ந்தவள் நான். மூன்று வருடத்தில் கிடைத்தது நாலு பாடம், நாலு வாத்தியார், நாலு விதத் திட்டு. கெமிஸ்ட்ரி சார் கிணற்றுத் தண்ணீரின் உப்பளவு அட்டவணையை மட்டும் பார்த்தார். சோஷியாலஜி மேடம், பேட்டி கொடுத்தவர்கள் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்றார். எடுத்துவிட்டேன். மேப் சார், இடம் துல்லியமாக இல்லையென்றால் அது மேப் இல்லை கோலம் என்றார். கிணறு, உப்புப் பாத்தி எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டேன். சட்டம் எடுப்பவர் பக்க எண்ணைச் சரிபார்த்தார். எல்லோருக்கும் திருப்தி.

அப்பாவுக்கு அதைவிட. நேற்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார். இன்று கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் கிணறு கரிக்க ஆரம்பித்து இரண்டு வருடம். கடலைக்கொல்லையில் மல்லாட்டைச் செடி இலை ஓரமெல்லாம் கருகல். பக்கத்து உப்பளம் திருட்டு போர்வெல் போட்டு உறிஞ்சுவதுதான் காரணம் என்று அவர் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. "இப்ப எம் பொண்ணே அச்சடிச்சிக் குடுத்திருக்குது இல்ல" என்று தெருவில் நின்று போனில் சத்தமாகப் பேசினார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

பிப்ரவரி 4, புதன்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

மரக்காணம் பஸ் ஸ்டாப். பக்கத்து உப்பளத்து மேஸ்திரி வண்டியை நிறுத்தினார். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, நீதான காலேஜ் ரிப்போர்ட்டு எழுதினது? பதினொண்ணுன்னு போட்டிருக்கியே. நம்ம மல்லிகாதான?"

பக்கம் 31. ரிப்போர்ட் இங்கிலீஷில்தான், பேட்டி வாசகங்களை மட்டும் தமிழிலேயே விட்டிருந்தேன். "உப்பங்கழியில தண்ணி கொறைஞ்சா மேற்குக் கரை போர் மோட்டார பகல் பூரா ஓட்டுவாங்க. ஆபீசர் வர்றாருன்னா மோட்டார கழட்டிட்டு போர் வாய் மேல மூட்டைய அடுக்கிடுவாங்க." கீழே: பெண் தொழிலாளி, பாத்தி 11.

அந்தப் பக்கத்தைத்தான் அப்பா விவசாயிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். அங்கிருந்து அளத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

என் மடத்தனம். எங்கள் கொல்லையில் இன்று களை எடுத்தவர் நாளை வேறு கொல்லையில் இருப்பார். சர்வே நம்பரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அளத்திலும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அங்கே சீசன் ஆரம்பத்தில் ஒரு புருஷன் பொண்டாட்டிக்கு ஒரு பாத்தி என்று பிரித்து விடுவார்கள். மழை வரும்வரை அது அவர்களுடையது. நம்பரே ஆள். பதினொன்று என்றால் மூன்று சீசனாக மல்லிகா அக்காவும் அவள் வீட்டுக்காரரும்தான். அதற்கு போட்டோவே போட்டிருக்கலாம் நான்.

மேஸ்திரி கிளம்பும்போது சொன்னது: "வர்ற செவ்வாக்கெழம இந்த சீசனுக்கு பாத்தி பிரிக்கிறோம். பாக்கலாம்."

பிப்ரவரி 5, வியாழன்

டிபார்ட்மெண்ட். மேடம்: பெயர் இல்லையே, பிறகென்ன? மேப் சார்: நம்பர் சரியாகத்தானே இருக்கிறது? இருவரும் சரி. 31ஆம் பக்கத்தில் மேப்பையும் பேட்டியையும் ஒன்றாகச் சேர்த்தது நான். இதைத்தான் பல துறை சேர்ந்த படிப்பு என்று முதல் வருடம் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

செய்ய வேண்டியது:
– ம. அக்காவைப் பார்க்க
– குரூப்பில் போட்டதை அழிக்கச் சொல்ல
– பக்கம் மாற்ற முடியுமா? (கேட்டாயிற்று. முடியாது.)
– ஊறவைத்த துணி!!

அப்பாவிடம் சொன்னேன். எகிறிவிட்டார்.

"அழிக்கிறதா? திங்கக்கெழம ரெவின்யூ ஆர்.ஐ. எடத்தப் பாக்க வர்றாரு. ரெண்டு வருசத்துல இப்பத்தான் ஒருத்தன் அசைஞ்சிருக்கான். உம் போன்ல அந்தம்மா பேசின ரெக்கார்டு இருக்குதில்ல? போட்டுக் காட்டு. முடிஞ்சிது."

அம்மா சமையல்கட்டிலிருந்து: "அந்தப் பொம்பள என்னா ஆவறது?"

"நாம என்னா ஆவறது?"

குழம்பு அடிப்பிடித்தது.

பிப்ரவரி 7, சனி

வெயில். ம. அக்கா வீடு. வாசலில் காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வா ஆபீசரு."

நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பாத்தி விஷயம் எனக்குத் தெரியாது என்றேன்.

"பேரு போட மாட்டேன்னு சொன்ன. போடல. நல்ல புள்ள." கத்தியைக் கழுவினாள். "உங்கப்பாரு கிட்ட சொல்லி வெச்சியா, இத எவனுக்கும் காட்டாதன்னு?"

சொல்லவில்லை.

"இந்த அளம் உட்டா செய்யூர் பக்கம் போவணும், ரெண்டு பேரும் அங்கயே தங்கணும். எம் பொண்ணு பத்தாவது பரிச்ச எழுதுது. அத எங்க உடுவேன், சொல்லு."

பிறகு குரலைத் தாழ்த்தி: "திங்கக்கெழம ஆபீசர் எதுர்ல என்னக் கூப்புடுவாங்க. இந்தப் பொண்ண நான் பாத்ததே இல்லன்னு சொல்லப் போறேன். மேஸ்திரி அப்பிடி சொன்னாத்தான் பாத்தின்னுட்டாரு. நீ ஆமான்னு சொல்லிடு."

"பொய்யாச்சேக்கா."

"நெசத்த சொல்லிட்டுத்தான இப்பிடி நிக்கிறேன்."

திரும்பும்போது பஸ்ஸில் டிக்கெட் எடுக்க மறந்து திட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தலைவலி. ரெக்கார்டிங்கைக் கேட்டேன், 14 நிமிடம். என் குரலைக் கேட்கச் சகிக்கவில்லை. "பயப்படாதீங்கக்கா, இது படிப்புக்குத்தான்" என்று என்ன இனிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அழிக்கப் போய் இரண்டு தடவை நிறுத்தினேன்.

அப்பா நாளைக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறார். பொங்கலுக்குக் கூட இஸ்திரி போடாதவர்.

அவர் பக்கம் தப்பே இல்லை. அதுதான் கோபமாக இருக்கிறது.

பிப்ரவரி 9, திங்கள்

வருவாய் ஆய்வாளர் பத்தரைக்கு வந்தார். அளத்து மேற்குக் கரை. அங்கே சாக்கு மூட்டை அடுக்கு, ஆள் உயரத்துக்கு. அப்பா அதைக் காட்டினார்.

"இதுக்குக் கீழதான் சார் போரு. எடுக்கச் சொல்லுங்க."

"ஒருத்தர் அடுக்கின மூட்டைய நானா எப்படிங்க எறக்கச் சொல்றது? கண்ணால பாத்தவங்க சொல்லணும். யாரு சொன்னது இது?"

மேஸ்திரி ம. அக்காவை முன்னால் வரச் சொன்னார். வந்தாள். சீசனுக்குப் பாத்தி மிதித்துக் கால் முட்டிவரை சேறு, தலையில் துண்டு. என்னை நேராகப் பார்த்தாள்.

"இந்தப் பொண்ண நான் பாத்ததே இல்லைங்க."

ஆர்.ஐ. என் பக்கம் திரும்பினார். அப்பா அவசரமாக, "ரெக்கார்டு இருக்குது சார். போட்டுக் காட்டும்மா" என்றார். போன் என் கையில்தான். ம. அக்கா கண்ணை எடுக்கவே இல்லை.

"ரெக்கார்டு எதுவும் இல்லைங்க" என்றேன். "அது நானே எழுதினது. மார்க்குக்காக."

"படிக்கிற புள்ளைங்க இப்படிப் பண்ணலாமா?" என்றார் ஆர்.ஐ. எழுதிக்கொண்டார். கையெழுத்துக் கேட்டார், போட்டேன்.

ம. அக்கா துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பாத்தி வேலைக்கு நடந்தாள்.

அப்பா வண்டியை எடுத்தார். ஏறு என்று சொல்லவில்லை. நடந்தே வந்தேன். வழியெல்லாம் அழுகை. எனக்காகவா அவருக்காகவா தெரியாது.

சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி.

"அந்தம்மா சொன்னது நெசந்தான?"

"நெசந்தாம்பா."

பாதிச் சோற்றில் கை கழுவினார். இன்னும் அந்த வெள்ளைச் சட்டையோடுதான் இருக்கிறார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மேகமூட்டம். மதியம் வைவா. நீலச் சுடிதார் காயவில்லை.

பாத்தி பிரித்துவிட்டார்களாம். பதினொன்று மல்லிகா அக்காவுக்கே. பால்காரர் சொன்னார்.

ஒன்பது மணிக்கு மேற்குக் கரை மோட்டார் போட்டுவிட்டார்கள். வீடுவரை சத்தம் கேட்கிறது. அப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு. டீ கொண்டுபோய் வைத்தேன். எடுக்கவில்லை.