வலிக்குதுங்களா என்று கேட்காதே

ராய்ப்பூர்

அன்புள்ள சம்பூரணம்,

நீ சௌக்கியமா? பாப்பா அபிநயாவுக்கு இருமல் நின்றதா? போனில் சொன்னால் என் குரலைக் கேட்டே பயந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. போர்வெல் ரிக் வண்டி பழுதாகி வேலை நின்றதால் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன், டாக்டர் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். நன்றாகச் சாப்பிடுகிறேன், வலியே இல்லை, இது எதற்கு என்று அவரிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் படுத்தேன். போன வருஷம் குடலை வெட்டித் தைத்த இடத்தில் சின்னச் சின்னப் புண்கள் இருக்கின்றன. குடலை அரிக்கும் இந்தக் கிரோன் நோய் பெரும்பாலும் அங்கேதான் திரும்ப வருமாம், வலி பிறகுதான் தெரியுமாம். போர்வெல்லில் மண் சரியாமலிருக்க இறக்கும் கேசிங் பைப்பும் அப்படித்தானே? மேலே தண்ணீர் தெளிவாக வரும்போதே இணைப்பு வழியாக மண் இறங்கத் தொடங்கியிருக்கும். ஊரான் கிணற்றில் தெரிந்தது என் வயிற்றில் தெரியவில்லை.

மாத்திரையோடு இனி ஊசியும் போட வேண்டும். பீடியைத் தொடவே கூடாது. விட்ட கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. ஸ்பேனரை எடுக்கிறேன், வைக்கிறேன், எழுந்து நடக்கிறேன். கொஞ்சம் புளிப்பு மிட்டாய் அனுப்பு. ஐஸ் பெட்டியில் ஊசி மருந்தைச் சுற்றி வைக்கத் துணி வேண்டும். உன் பழைய சேலையாக இருக்கட்டும், துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஆரன் அடிக்கிறார்கள், பழுது சரியாகி வண்டி கிளம்புகிறது. இனிமேல் போனில் "வலிக்குதுங்களா?" என்று கேட்காதே. இல்லை என்பேன், அது நிஜமாகவும் இருக்கும். "ஊசி போட்டாச்சுங்களா?" என்று கேள்.

உன்
செங்கோடன்