ரசீது ஸ்டாம்பு ஒட்டிய கடிதங்கள்

போடிநாயக்கனூர்
1904 ஜனவரி 11

அன்புள்ள மகன் இன்னாசிக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

நீ எழுதிய கிறிஸ்துமஸ் கடிதத்தை நான் வாங்காமல் திருப்பிவிட்டேன் என்று கோவில் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். உன் காதுக்கும் வந்திருக்கும். அது பொய். அபராதம் கட்டி வாங்கினேன். வாங்கும்போது முகம் சுளித்தது மட்டும் உண்மை.

அரையணாத் தபால் ஸ்டாம்பு ஒட்ட வேண்டிய உறையில் ஓரணா ரசீது ஸ்டாம்பை ஒட்டியிருக்கிறாய். போதாதென்று, ரசீதில் போடுவதுபோல் அதன் குறுக்கே கையெழுத்தும் போட்டிருக்கிறாய். கங்காணிகளுக்கு முன்பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் கணக்கப்பிள்ளைக்கு, கடிதம் எது ரசீது எது என்று தெரிய வேண்டாமா? தபால்காரர் முனியசாமி தெருவே கேட்கும்படி, "ஆத்தா, ஒங்க மகன் தபாலாபீசுலயே சம்பளம் வாங்கிப்புட்டாரு, குறுக்க கையெழுத்தப் பாருங்க!" என்றார். நான் சிரிக்கவில்லை.

உறையை எறியவில்லை. வேலை மாறிப்போன ஸ்டாம்புகளுக்கென்று ஒரு பிஸ்கோத்துத் தகரப் பெட்டி வைத்திருக்கிறேன். உன் முந்தைய உறைகளும் அதில்தான் கிடக்கின்றன. நான் படித்த மடத்துப் பள்ளியில் பிழையான பக்கங்களைக் கிழிக்க விடமாட்டார்கள். தேதி போட்டு வைக்கச் சொல்வார்கள். அந்தப் பழக்கம்.

உன் வீட்டிலிருக்கும் பெண்ணைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் இல்லை. அவள் பெயரில் கடிதம் வந்தால் பிரிக்கமாட்டேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

உன் அம்மா,
ராயம்மாள்


குரங்கணி மேல் தோட்டம்
1904 பிப்ரவரி 6

என் பிரியமுள்ள அம்மாவுக்கு இன்னாசி எழுதிக்கொள்வது.

சுகம். கடைசி ஏலக்காய் எடுப்பு முடிந்து, உலர்த்தும் கொட்டகையில் புகைக்குள்ளேயே கிடக்கிறோம். இந்தக் கடிதத்திலும் அந்த வாடை இருக்கும்.

தோட்டத்து மேசையில் ரசீது ஸ்டாம்பு மட்டும்தான் உண்டு. தபால் ஸ்டாம்புக்குப் போடிக்கு இறங்க வேண்டும். முதல் தடவை அதனால்தான் ஒட்டினேன். காசை மேசையில் வைத்துவிட்டுத்தான் எடுத்தேன், பயப்படாதீர்கள். இப்போது பெட்டி இருப்பது தெரிந்துவிட்டதே, இனிச் சரியாக ஒட்டுவேனா? இந்த உறையைப் பாருங்கள். சங்கு போட்ட திருவாங்கூர் ஸ்டாம்பு. மேட்டுக்கு அந்தப் பக்கத்து ராஜ்யத்தில்தான் செல்லும். இதிலும் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முனியசாமி அண்ணனுக்கு ஒரு வாரப் பேச்சுக்குக் காணும்.

பேச்சி இப்போது என்னைவிட முத்து முத்தாக எழுதுகிறாள். "ஒங்க ஆத்தாளுக்கு நா ஒரு வரி எழுதட்டா?" என்றாள். "பிரிக்க மாட்டாகளே" என்றேன். "அப்ப ஒங்க பேர்ல எழுதிப்புடுறேன், பிரிச்சுத்தான ஆகணும்" என்று சிரித்தாள். உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

தங்கள் மகன்,
இன்னாசி


போடிநாயக்கனூர்
1904 மார்ச் 2

அன்புள்ள இன்னாசிக்கு ஆசீர்வாதம்.

சங்கு ஸ்டாம்பு வந்தது. அபராதம் கட்டினேன். மூளை குழம்பியவர்கள் செய்கிற காரியம். பெட்டியில் மேலாக வைத்திருக்கிறேன்.

ஏலக்காய் மண்டி சாதிக் பாட்சா ராவுத்தர் ஒரு பழைய ரசீது கொண்டுவந்து கொடுத்தார். அதில் தபால் ஸ்டாம்பு ஒட்டி ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "கோர்ட்டுல இத நீட்டுனா சிரிப்பாகம்மா. ஒங்க பெட்டியிலயாச்சும் இதுக்கு மரியாதை இருக்கட்டும்" என்றார். உன் கடிதங்களுக்கு நேர் எதிரானது என்பதால் வாங்கிக்கொண்டேன்.

மழைக்கு முன்பு மலையில் காய்ச்சல் கிளம்பும். கொயினா மாத்திரை அனுப்பியிருக்கிறேன். கசக்கிறது என்று துப்பாதே.

ராயம்மாள்


குரங்கணி மேல் தோட்டம்
1904 ஜூன் 19

என் பிரியமுள்ள அம்மாவுக்கு,

இன்னாசி எழுதிக்கொள்வது. இடையில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டதால் எழுத முடியவில்லை. இப்போது சுகம். கை மட்டும் நடுங்குவதால் நான் சொல்லச் சொல்லப் பேச்சி எழுதுகிறாள். பொறுத்துக்கொள்ளவும். நல்ல மழை. செடிகள் பூத்திருக்கின்றன. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வேண்டாம். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தங்கள் மகன்,
இன்னாசி


போடிநாயக்கனூர்
1904 ஜூலை 1

அன்புள்ள இன்னாசிக்கு,

கடிதம் வந்தது. அரையணாத் தபால் ஸ்டாம்பு, மூலையில், நேராக ஒட்டப்பட்டிருந்தது. குறுக்கே கையெழுத்து இல்லை. முனியசாமி உறையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தார். அபராதம் இல்லை. நான் காசு எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்துவிட்டேன்.

கை நடுங்கினாலும் ஒரு கோடு இழுக்கலாமே. இந்த உறையைப் பெட்டியில் வைக்க வழியில்லை. வெளியே மேசைமேல் கிடக்கிறது. எதனால் இப்படிச் செய்தாய் என்று எழுது.

அம்மா


குரங்கணி மேல் தோட்டம்
1904 ஜூலை 14

என் பிரியமுள்ள அம்மாவுக்கு,

கை இன்னும் நேராகவில்லை. இத்தனை நாளும் தப்பான ஸ்டாம்பு ஒட்டி உங்களுக்கு அபராதச் செலவு வைத்ததை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது. அம்மா, என்னை மன்னித்துவிடுங்கள். இனி எப்போதும் சரியான ஸ்டாம்புதான் ஒட்டுவேன். உங்களுக்கு ஒரு குறையும் வராமல் மாதாமாதம் எழுதுவேன்.

தங்கள் மகன்,
இன்னாசி


போடிநாயக்கனூர்
1904 ஜூலை 26

மகள் பேச்சிக்கு ராயம்மாள் எழுதுவது.

உன் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. மையை உலரவிட்டு மறுபடியும் பார்த்தேன். பிழையில்லை.

இன்னாசி பிறந்ததிலிருந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டவன் இல்லை. தப்பை நான் எடுத்துச் சொன்னால் இன்னும் பெரிதாக ஒன்றைச் செய்து என் முன்னால் கொண்டுவந்து வைப்பான். ஏன் சரியாக ஒட்டினாய் என்று நான் கேட்டது அவன் கண்ணில் பட்டிருந்தால் அடுத்த உறையைக் கோர்ட்டு முத்திரை ஒட்டி அனுப்பியிருப்பான். நீ நல்லவிதமாக எழுதியிருக்கிறாய். அவன் அப்படி எழுதமாட்டான்.

எனக்குத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு விளக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். சோறு வடித்தேன். மூடி வைத்தேன். சாதிக் பாட்சா ராவுத்தரின் வீட்டு அம்மாள் மதீனா வந்து, "என்ன ஆத்தா, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள். மழை வரும்போல் இருக்கிறது என்றேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. என் கையைத் தொட்டால் யாருடைய கையையோ தொடுவதுபோல் இருக்கிறது.

ஏன் மறைத்தாய் என்று கேட்கப்போவதில்லை. உன் பெயரில் எழுதியிருந்தால் நான் பிரித்திருக்கமாட்டேன். அது உனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். தினமும் வேளைக்குச் சாப்பிடச் சொன்னாயே, அதை எழுதும்போது நீ சாப்பிட்டிருந்தாயா என்று தெரியவில்லை.

பெட்டியில் இருப்பவை உனக்கும் உரியவை. அவன் உறைகள் எல்லாவற்றிலும் குறுக்கே அவன் கையெழுத்து இருக்கிறது. நீ இறங்கி வந்தால் சேர்ந்து பார்க்கலாம். பின்னறை காலியாக இருக்கிறது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். எந்தத் தேதி, அவனை எங்கே அடக்கம் செய்தீர்கள், கடைசியில் என்ன சொன்னான். யாரிடமும் சொல்லி அனுப்பாதே. உன் கையால், உன் பெயரில் எழுது. எந்த ஸ்டாம்பு ஒட்டினாலும், ஒட்டாவிட்டாலும் வாங்கிக்கொள்வேன்.

பதில் எழுது.

உன் மாமியார்,
ராயம்மாள்