நைனா என்று சொன்னதற்கு

ஜூன் 9, 1962

அத்தை பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து போனாள். எனக்கென்று பேசி வைத்திருக்கும் அவள் மகன் ராஜகோபால் பாவா தங்கமானவர்தான், யார் இல்லை என்றது? ஆனால் நான் டாக்டருக்குப் படிக்க வேண்டும். கிளம்பும்போது அத்தை சொன்னாள்: "சீட்டு கெடைச்சா போ. கெடைக்கலன்னா ஆவணியில தாலி. இதுக்கு மேல என்னால காத்துகினு இருக்க முடியாது." நைனா குனிந்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். அம்மா இருந்திருந்தால்... சரி, அதை எழுதி என்ன ஆகப் போகிறது.

ஜூன் 21

சென்னைக்கும் மனுப் போட்டாயிற்று, திருப்பதிக்கும். திருப்பதியில் நான் வெளி ராஜ்யத்துக்காரி. அங்கே பி.யு.சி. படித்தபோது ஹாஸ்டலில் எனக்கு "அரவப் பிள்ள" என்றுதான் பெயர், அதாவது தமிழ்க்காரி. வள்ளிநாயகி என்று ஒருத்தி கூப்பிட்டதில்லை. போகட்டும். ஆந்திராவில் இருந்த எங்கள் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து இரண்டு வருஷமாகிறதே, சென்னை என்னுடையதுதானே?

ஜூலை 12

போச்சு. எல்லாம் போச்சு.

சென்னை இன்டர்வியூவில் எலும்பைப் பற்றிக் கேட்டார்கள், ரத்தத்தைப் பற்றிக் கேட்டார்கள். டக்டக்கென்று சொன்னேன். கடைசியில் கண்ணாடி போட்டவர், "தகப்பனார் என்ன செய்கிறார்?" என்றார். "நைனா மலையடிவாரத்துல பூக்கடை வச்சிகினு இருக்காருங்க" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஓ, தெலுங்கா? படிச்சதும் திருப்பதி. உங்க ஊர்லயே கேக்கலாமேம்மா."

"இல்லைங்க, தமிழ்தான்" என்று நான் சொல்வதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டாயிற்று.

எங்கள் தெருவில் எல்லாரும் நைனா என்றுதானே சொல்கிறார்கள்? பெற்றவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி "அப்பா, அப்பா" என்று சொல்லிப் பழகிக்கொண்டே வந்தேன். மணவூரில் ஏறிய ஒரு அம்மாள், "இன்னாம்மா, வயித்து வலியா?" என்றாள்.

ஆங், வயிற்று வலிதான் என்றேன்.

ஜூலை 13

"அப்பா, சாப்பிட வாங்க" என்றேன். நைனா திரும்பவே இல்லை. மறுபடி கூப்பிட்டதும் வாசலை எட்டிப் பார்த்தார், யாரோ வந்திருக்கிறார்கள் என்று. அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "ஏன் கண்ணு, நான் இன்னா தப்பு பண்ணேன்?"

சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஜூலை 26

ஆடிக் கிருத்திகை. எங்கே பார்த்தாலும் காவடி. இத்தனை கூட்டத்தில் எனக்கென்று பேச ஓர் ஆள் இல்லை. சென்னையில் சீட்டு கிடைத்தவர்கள் பெயர் வந்துவிட்டது, என் பெயர் இல்லை. மலையேற வந்த அத்தை சாமந்தியை வாங்கிக்கொண்டே, "ஆவணி பொறக்கட்டும்" என்று சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆகஸ்ட் 4

திருப்பதி இன்டர்வியூ. வெளி ராஜ்யத்தாருக்கு ஏதோ கொஞ்சம் இடம்தான். நைனா வெளியே பெஞ்சில் இருந்தார். உள்ளே தெலுங்கில் அதே கேள்வி, தகப்பனார் என்ன செய்கிறார்? "அப்பா" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சீ, யாருக்காக இந்த வேஷம்? "நைனா" என்றேன், வெளியே அவருக்குக் கேட்கிற மாதிரி.

யாரும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

ஆகஸ்ட் 19

திருப்பதியில் சீட்டு கிடைத்துவிட்டது. ராஜகோபால் பாவா டிரங்குப் பெட்டியை ரயிலில் ஏற்றி வைத்தார். "நல்லா படி" என்றார், அவ்வளவுதான். அத்தை வரவில்லை. நைனா செம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். வண்டி நகர்ந்துவிட்டது.

"அப்பா!" என்று கத்தினேன். பழகிய பழக்கம். அவர் குழாயைப் பார்த்தபடியே நின்றார்.

"நைனா!"

பிளாட்பாரத்தில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் திரும்பினார்கள். என்னுடையவர் தண்ணீர் தளும்பத் தளும்ப ஓடி வந்தார். செம்பு கைக்கு எட்டவில்லை. ரேணிகுண்டாவில் வண்டி மாறும் வரை தாகம்.

இங்கே ஹாஸ்டல் அறையில் மூன்று பேர். இன்னும் யாரும் என்னோடு பேசவில்லை. வாசலில் ஒருத்தி மற்றவளிடம், அரவப் பிள்ள வந்திருக்கிறாள் என்று தெலுங்கில் சொன்னாள்.

ஆங். வந்துட்டேன்.