சம்பந்திக்குச் சமன் மீன் காட்டினேன்

நவம்பர் 9, ஞாயிறு

மகளின் ஜெர்மன் மாமனார் கிளவுஸ் இன்று எங்களைச் சமன் மீன், அதாவது சால்மன், முட்டையிடுவதைப் பார்க்க ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். ஒரு மணி நேரம் நடந்தும் ஒன்றையும் காணவில்லை. சம்பந்தியின் முகம் வாடிவிட்டது. "கடலிலை வளர்ந்தவன் நான், காட்டுறன் வாங்கோ" என்றேன்.

"இவர் சமன் கண்டது கடையிலை விக்கிற தகர ரின்னுக்குள்ளை மட்டும்தான்" என்று மனைவி மகளின் காதைக் கடித்தாள்.

மானம் போகக்கூடாதே என்று, கூழாங்கல் கிடந்த இடமொன்றைக் கண்டபடி காட்டினேன். அந்த நேரம் பார்த்து ஆள் நீள மீன் ஒன்று வாலால் கல்லைக் கிளறிக் குழி பறித்தது! ஜெர்மன்காரனுக்கு ஜெர்மன் ஆற்றிலேயே மீன் காட்டிய யாழ்ப்பாணத்தான் நான்தான்.

இனித் தனக்குத் தூண்டில் போடப் பழக்கச் சொல்கிறார் சம்பந்தி. நானோ ஊரில் புடவைக் கடையில் நின்றவன். நல்ல காலம், இங்கே தூண்டில் போடச் சோதனை பாஸ் பண்ண வேண்டுமாம். எழுதினால் முதலாவதாக வருவேன், அது வேறு கதை.