துணியை எண்ணும் சக்கரம்

மார்ச் 3

அக்கா மகள் மிக்ஸியைக் கழற்றிப் பாயில் பரப்பிவிட்டாள். வயது எட்டு. மூளை என் வழியில் வந்தது. அத்தான் வழியில் வர அங்கே என்ன இருக்கிறது? ஃபேன் நின்றாலே ஆளைத் தேடி ஓடுகிற மனிதர்.

"இனி எதையாவது பிரிச்சே, ஸ்க்ரூடிரைவர் பீரோவுக்குள்ள போயிடும்" என்றாள் அக்கா.

"நல்ல புத்தகம் கொடுத்தா அவ ஏன்க்கா பிரிக்கப் போறா? நான் வாங்கித் தர்றேன்."

நான் கை வைத்து எது விளங்காமல் போயிருக்கிறது?

மார்ச் 5

புத்தகக் கடை. "எத்தனை வயசுப் பிள்ளைக்கு சார்?"

"வயசைக் கேக்காதீங்கம்மா, மூளையைக் கேளுங்க."

கடைக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, காகிதக் கதவைத் திறந்தால் மிஷினின் வயிறு தெரிகிற ஒரு படப்புத்தகத்தை நீட்டினாள். பச்சைப்பிள்ளை சமாச்சாரம்! இருப்பதிலேயே தடியான பொறியியல் புத்தகத்தை எடுத்தேன். கடையே எழுந்து நிற்காத குறை.

மார்ச் 6

பக்கமெல்லாம் கணக்கு. "மாமா, இதுல வாஷிங் மெஷின் எங்க?" என்றாள்.

நான் எதற்கு இருக்கிறேன்? கீழே உள்ள சின்ன மூடிக்குப் பின்னால் துணியை எண்ணுகிற சக்கரம் சுற்றுகிறது என்றேன். கண்ணை விரித்துக் கேட்டாள்.

மார்ச் 7

மெஷின் நிறையத் தண்ணீர். மூடியைத் திறந்துவிட்டாள். கூடமே குளம். ஸ்க்ரூடிரைவர் பீரோவுக்குள்.

"இது மெஷின் தண்ணி இல்லடா, உன் வாயில இருந்து வந்தது!" என்றாள் அக்கா. அத்தான் துடைக்கிற துணியை என்னிடம் நீட்டினார்.

குழந்தைதான் கேட்டாள்: "மாமா, நீங்க உள்ள பார்த்திருக்கீங்களா?"

மார்ச் 8

சே.

மார்ச் 9

"மூளை என்ன சார் சொல்லுச்சு?" - கடைக்காரிக்கு நக்கல்! தடிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படப்புத்தகத்தை வாங்கினேன். பிழை இருக்கிறதா என்று பார்க்கத்தான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தேன். கடை சாத்துகிறோம் என்றார்கள். மூடிக்குப் பின்னால் இருப்பது வடிகட்டியாம். சின்னக் குழாய் வழியே தண்ணீரை வடித்த பிறகுதான் திறக்க வேண்டுமாம். சக்கரத்தைப் போட மறந்துவிட்டார்கள்.

மார்ச் 12

மெஷினில் தண்ணீர் வடியவில்லை. அத்தான் வழக்கம்போல ஆளைத் தேடிச் செருப்பை மாட்டினார். குழந்தை நான் கொடுத்த படப்புத்தகத்தை விரித்து, "அம்மா, ஒரு தட்டும் ஸ்க்ரூடிரைவரும்" என்றாள். அக்காவே பீரோவைத் திறந்தாள். முதலில் குழாய், பிறகு மூடி. உள்ளே ஒரு ஹேர்பின், அத்தானின் சட்டைப் பொத்தான். மெஷின் ஓடியது. அத்தான் செருப்பைக் கழற்றினார்.

"சக்கரம் இல்ல மாமா."

நானும் தரையில் படுத்துப் பார்த்தேன். "இல்ல" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வரவில்லை, எனக்கே ஆச்சரியம்.

ஸ்க்ரூடிரைவர் பீரோவுக்குத் திரும்பவில்லை. அடுத்தது ஃப்ரிட்ஜாம். என்னையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தை முன்கூட்டியே பார்த்துவைக்கப் புத்தகத்தை இரவல் கேட்டேன்.

கொடுத்தாள். "கிழிச்சுடாதீங்க மாமா."