மலைக்குப் போன கமிஷன்

முழங்கால்வரை புகையிலை நாறுகிறது. அட்டை கடிக்காமலிருக்கப் பொன்முடி மலையில் தேய்த்துக்கொண்டது, இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. நீ மலையிறங்கி வரும் நாட்களில் நம் வக்கீல் ஆபீஸில் அடிக்குமே, அதே வாடை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறப்பேன். வாடைக்காக இல்லையடி, வயிற்றெரிச்சல்.

எரியாதா பின்னே? இருவரும் ஒரே நாளில் கறுப்புக் கவுன் போட்டவர்கள். எல்லைத் தகராறு வந்தால் இடத்தை அளந்து அறிக்கை தர, தாலுகா கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பும். மலை வழக்கென்றால் முன்சீப்பின் கண் நேரே உன்மேல்தான் போகும். எனக்கு டவுன் மதிலும் சாக்கடையும். "எடீ, உனக்கு மதிலு, எனக்கு மலை. பங்கு சரியாச்சு, அல்லே?" என்று சிரிப்பாய். நீ எஸ்டேட் கூலிக்காரர்களின் லய வீட்டில் பிறந்தாய், நான் டவுனில் வலியசாலை அக்ரஹாரத்தில் பிறந்தேன். அது என் குற்றமா?

ஒருமுறை வேடிக்கை பார்க்க உன்னோடு வந்தேன். வாதி வீட்டில் சாயா, பிரதிவாதி வீட்டில் கப்பைக்கிழங்கும் மீனும் நீட்டினார்கள். கமிஷனர் எந்தக் கட்சியிடமும் பச்சைத்தண்ணீர்கூட வாங்கக் கூடாது. இரண்டு வீட்டிலும் மனம் நோகாமல் மறுத்துவிட்டு, கல்லாற்றுப் பாறையில் உட்கார்ந்து என் புளியோதரையைப் பாதிக்குமேல் தின்றாய். அந்த மறுப்பைக்கூட அத்தனை அழகாகச் சொல்ல எனக்கு வராது என்று பொருமினேன்.

போன மழையில் நோய் முற்றி நீ போய்ச் சேர்ந்தாய். மலைக் கமிஷன் இப்போதுதான் என் பெயருக்கு வந்தது. லயத்துப் பெண்கள் நடக்கும் பாதையை எஸ்டேட் வேலி போட்டு அடைத்திருக்கிறது, அது பொதுவழி என்கிறது பஞ்சாயத்து. சாயா கொடுத்தால் எப்படி மறுப்பது என்று பஸ்ஸில் வளைவுக்கு வளைவு சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சாயா வேண்டுமா என்று யாருமே கேட்கவில்லை. அளந்தேன், வரைந்தேன், தொண்டை வறண்டது. எஸ்டேட் ஆட்களும் பெண்களும் தள்ளியே நின்றார்கள். உன்னையென்றால் இப்படி விடுவார்களா என்று நெஞ்சு காந்தியது.

கிளம்பும்போது அளக்க டேப் பிடித்த லயத்துப் பெண்ணிடம் பொறுக்காமல் கேட்டேவிட்டேன், பழைய வக்கீலம்மாவுக்கு மட்டும்தான் உபசாரமா என்று. அவள் பதறிப்போனாள்.

"அய்யோ, அப்பிடியில்ல வக்கீலம்மா. அவங்கதான் சொல்லியிருந்தாங்க. எனக்கப்புறம் வலியசாலைக்காரி ஒருத்தி வருவா, என்னைக் காட்டிலும் நேர்மைக்காரி, சாயா வேணுமான்னு கேட்டு அவளைச் சங்கடப்படுத்தாதீங்கன்னு."

பாவி, இதிலுமா முந்திக்கொள்வாய்? நீ போனதும் இந்தப் பொறாமை அடங்கிவிடும் என்றிருந்தேன். எங்கே அடங்குகிறது? நீ சொல்லிவைத்த அந்த நேர்மைக்காரியை நினைத்தாலும் எரிகிறது. அடுத்த வாரம் மறுபடி மலைக்குப் போக வேண்டும், அவளாக.